ரெண்டுக்கும் ஒரே டியூப்

பழங்காநத்தத்தில் நான் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் மெடிக்கல் ஷாப்பில் போய் "முகத்துக்கு டியூப்" என்று கேட்டால் போதும். எந்த டியூப் என்று யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள், டாக்டர் சீட்டும் கேட்கமாட்டார்கள். பருவா, பரு போன இடத்துக் கறுப்பா, வெயிலில் கறுத்ததா, தை மாசம் கல்யாணமா, எதுவாக இருந்தாலும் இழுப்பறையிலிருந்து வருவது ஒரே சின்னக் குழாய்தான். கொஞ்சம் விவரமானவர்கள் மட்டும் "அண்ணே, இது பருவுக்கா, கலருக்கா?" என்பார்கள். "ரெண்டுக்கும் இதாம்மா. ராத்திரி லேசாத் தடவிட்டுப் படுங்க, மூணே நாள்ல தெரியும்."

மூன்று நாளில் தெரியத்தான் செய்தது. சிக்கலே அங்கேதான்.

அந்த "ரெண்டுக்கும்" என்கிற சொல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனதன் விளைவு இந்தக் கட்டுரை. தேடல் கீழமாசி வீதியின் நாட்டு மருந்துக் கடையில் தொடங்கி, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்துச் சிறை ஒன்றுவரை போனது. நடுவே இன்றைக்கு உங்கள் அலமாரியில் இருக்கும் சீரம் பாட்டில்களும் வருகின்றன.

டியூப் வருவதற்கு முன்பு எங்கள் அப்பத்தா தலைமுறையில் பருவுக்கு என்ன செய்தார்கள்? சங்கைக் கல்லில் உரைத்து அந்த விழுதைப் பருவின் மேல் புள்ளியாக வைத்தார்கள். திருநீற்றுப்பச்சிலையைக் கசக்கிச் சாறெடுத்து, வசம்புப் பொடியில் குழைத்துப் பூசினார்கள். இவை பரு வந்தபின் செய்யும் வைத்தியம். வராமல் இருக்க, அல்லது வராமல் இருக்கும் என்ற நம்பிக்கையில், நலங்கு மாவு. கீழமாசி வீதியில் பட்டியல் சொல்லிச் சாமான் வாங்கி, மொட்டை மாடியில் காயவைத்து, மில்லில் கொடுத்து அரைப்பது. பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா மொட்டு, கார்போக அரிசி. வீட்டுக்கு வீடு அளவு மாறும், சண்டையும் வரும்.

இதைப் பற்றி இரண்டு விதமாகவும் மிகையாகப் பேசுகிறார்கள். முன்னோர் எல்லாம் தெரிந்தே செய்தார்கள் என்பது ஒரு கட்சி, எல்லாமே மூடநம்பிக்கை என்பது மறு கட்சி. எனக்கு இரண்டிலும் ஒட்டவில்லை. பயற்றம் மாவு எண்ணெயை எடுக்கும், ஆனால் தோலை வறட்டிவிடாது. சோப்பின் காரத்தன்மையோடு ஒப்பிட்டால் நல்ல தேர்வு. ஆனால் அதே மாவைப் பழுத்த பருவின் மேல் "நல்லாத் தேய்ச்சுக் குளி" என்று தேய்க்கச் சொன்னால், கொரகொரப்பு பருவை உடைத்துப் புண்ணாக்கும், ஆறினால் தழும்பு. மஞ்சளுக்கு வீக்கத்தைத் தணிக்கும் குணம் கொஞ்சம் உண்டு. பருவின் வேரான அடைபட்ட துவாரத்தை மஞ்சள் திறக்காது.

கார்போக அரிசி மட்டும் தனிக்கதை. அரிசி என்று பெயர்தானே தவிர, அது ஒரு செடியின் கறுத்த சிறு விதை. வடக்கே பாகுச்சி என்பார்கள். 1966-ல் புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகத்தில் இந்த விதையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, செடியின் பெயராலேயே பாகுச்சியோல் என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கு 'தாவர ரெட்டினால்' என்று இன்ஸ்டாகிராமில் விற்கும் பாகுச்சியோல் சீரம் அதுதான். நலங்கு மாவிலிருந்து கிளம்பி, உலகம் சுற்றி, சொட்டுக்குழாய் வைத்த பாட்டிலில் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் அதே விதையில் சோராலென் என்ற இன்னொரு பொருளும் இருக்கிறது. அது தோலில் பட்டு வெயிலும் பட்டால் தோல் கறுக்கும். அதனாலேயே வெண்புள்ளி நோய்க்கு இந்த விதை காலங்காலமாக மருந்து. நிறம் கூடட்டும் என்று அரைத்த மாவில், வெயிலில் கறுக்கவைக்கும் ஒரு விதையும் கிடந்திருக்கிறது. அப்பத்தாவிடம் சொன்னால் நம்பியிருக்கமாட்டாள்.

நலங்கு மாவு பருவுக்கென்று மட்டும் பிறந்ததல்ல என்பதைக் கவனியுங்கள். அது சடங்குப் பொருள், மணப்பொருள், கல்யாணப் பெண்ணுக்குப் பூசுவது. பருவும் நிறமும் ஒரே கிண்ணத்தில் குழைக்கப்பட்டது அப்போதே தொடங்கிவிட்டது.

பிறகு ஸ்னோ வந்தது. "ஸ்னோ பவுடர் போட்டுக்கிட்டுக் கெளம்பிட்டா" என்று எங்கள் ஊர்க் கிழவிகள் இன்றும் ஏசுவதில் வாழ்கிற அந்த ஸ்னோ. பம்பாயில் பட்டன்வாலா என்பவர் 1919-ல் கொண்டுவந்த ஆப்கான் ஸ்னோதான் இந்தியாவில் அந்தப் பெயரை நிலைநிறுத்தியது. தயாரிப்பில் பெரிய மர்மம் ஏதுமில்லை. ஸ்டியரிக் அமிலம் என்ற கொழுப்பைக் கொஞ்சம் காரத்தோடு சேர்த்து நீரில் கடைந்தால் பனிபோல வெள்ளை நுரை. தடவினால் மறைந்துவிடும், மேலே மெல்லிய மங்கல் படலம் மட்டும் நிற்கும். பிசுபிசுப்புத் தெரியாது. மதுரை வெயிலுக்கு அது வரம்தான். பருவுக்கு அதில் ஒன்றுமில்லை, விற்பனையில் அதைப் பற்றிய பேச்சும் பெரிதாக இல்லை.

சட்டமும் அன்றைக்கு இதைக் கண்டுகொள்ளவில்லை. 1940-ல் வந்தது வெறும் மருந்துச் சட்டம். 1962-ன் திருத்தத்தில்தான் அழகுப்பொருளும் உள்ளே வந்து 'மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம்' ஆனது. மருந்து வேறு, அழகுப்பொருள் வேறு என்று சட்டம் கோடு போட்டது. கோட்டின் எந்தப் பக்கம் நிற்பது என்பதில் பணம் இருந்தது, ஏனென்றால் அழகுப்பொருளுக்கு வரி அதிகம். விக்கோ டர்மரிக் கிரீம் மருந்தா அழகுப்பொருளா என்று கலால் துறையும் அந்த நிறுவனமும் ஆண்டுக்கணக்கில் வழக்காடி, சுப்ரீம் கோர்ட்வரை போய், ஆயுர்வேத மருந்துதான் என்று நிறுவனம் வென்றது. தூர்தர்ஷன் காலத்தில் அதன் விளம்பரப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும், பாட்டிலேயே அந்த வாதம் இருந்தது.

இந்த இடைவெளியில் தமிழ்நாட்டிலிருந்து ஒரு நேர்மையான முயற்சி வந்ததையும் சொல்லவேண்டும். 1969-ல், சென்னையில் ரயில்வே மருத்துவராக இருந்த வி.பி. சித்தன், தொழிலாளர்களின் தோல் தொல்லைகளைப் பார்த்துவிட்டு, மூலிகை எண்ணெய் முறையிலிருந்து ஒரு சோப்பு செய்தார். மெடிமிக்ஸ் அப்படி வந்தது. பரு உள்ள பிள்ளைகளுக்கு எங்கள் தெருவில் முதலில் சொல்லப்படுவதும் அதுதான்: "முகத்துக்கு மெடிமிக்ஸ் போடு." தோலில் நோய் இருக்கிறது, அதற்கு ஒரு பொருள் வேண்டும் என்ற எளிய சிந்தனை அதில் இருந்தது. நிறத்தைப் பற்றிப் பேச்சில்லை. சோப்பு சோப்புதான், பருவைத் தீர்த்துவிடாது என்பது வேறு விஷயம்.

1975-க்கு வருவோம். இந்தக் கதையின் நடு ஆண்டு அது. அந்த ஆண்டில் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு காரியங்கள் நடந்தன. இந்தியாவில் இந்துஸ்தான் லீவர் நிறுவனம் ஃபேர் அண்ட் லவ்லியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிலடெல்பியாவில் ஆல்பர்ட் கிளிக்மன் என்ற தோல் மருத்துவர், வில்லிஸ் என்பவரோடு சேர்ந்து ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். முதலாவது நமக்கெல்லாம் தெரிந்தது. எங்கள் மெடிக்கல் ஷாப் இழுப்பறைக்கு வந்து சேர்ந்தது இரண்டாவது.

கிளிக்மனைத் தெரிந்துகொள்ளாமல் பருவின் வரலாற்றை எழுதமுடியாது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருந்த இவர் 1951-ல் ஹோம்ஸ்பர்க் சிறைக்குள் போனார். முதலில் போனது கைதிகளின் காலில் வந்த பூஞ்சைத் தொற்றைப் பார்க்க. உள்ளே போனவருக்கு மனிதர்கள் தெரியவில்லை, பரிசோதிக்க ஏக்கர் கணக்கில் தோல் தெரிந்தது. இதை அவரே பின்னாளில் ஒரு செய்தியாளரிடம் பெருமையாகச் சொன்னார். 1974 வரை அங்கே பரிசோதனைகள் நடந்தன. கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், பலர் விசாரணைக் கைதிகள். கொஞ்சம் காசுக்காக முதுகையும் கையையும் கொடுத்தார்கள். பிலடெல்பியா நகர நிர்வாகம் இதற்கு மன்னிப்புக் கேட்டது 2022-ல்.

அந்தச் சிறையோடு பின்னிப் பிணைந்த ஆராய்ச்சியிலிருந்து வந்ததுதான், இன்றைக்கும் பருவுக்கு மிகச் சிறந்த மருந்துகளின் தாயாக இருக்கும் டிரெட்டினாயின், அதாவது வைட்டமின் ஏ அமிலம். கிளிக்மனும் ஃபுல்டன், பிளெவிக் ஆகியோரும் 1969-ல் அதைப் பற்றி எழுதினார்கள். பரு என்பது அழுக்கு அல்ல, எண்ணெய் தின்றதால் வருவதும் அல்ல. மயிர்த்துளையின் உட்சுவரில் உதிரவேண்டிய செல்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு அடைப்பாகின்றன. அதன் பின்னால் எண்ணெய் தேங்குகிறது, நுண்ணுயிர் பெருகுகிறது, வீக்கம் வருகிறது. டிரெட்டினாயின் முதல் படியையே சரிசெய்கிறது, அடைப்பைத் தளர்த்துகிறது. இதன் தம்பிதான் அடாபலீன். இந்த மருந்தால் பரு ஆறிய கோடிக்கணக்கான முகங்களுக்கு அடியில் அந்தச் சிறை இருக்கிறது என்பதை என்னால் மறக்கவும் முடியவில்லை, அதற்காக மருந்தை வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை.

அதே குழு 1970-ல் 'பொமேடு பரு' என்று ஒன்றை விவரித்தது. தலைக்குக் கெட்டியான எண்ணெய்க் களிம்பு தடவும் கறுப்பின ஆண்களுக்கு நெற்றியிலும் பொட்டிலும் வரிசையாகச் சின்னச் சின்னப் பரு வருவதைப் பார்த்து வைத்த பெயர். தலைமாட்டில் தேங்காய் எண்ணெய் வடிய, தலையணை உறையில் வட்டக் கறையோடு வளர்ந்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஜடை பின்னிய பள்ளிக்கூடப் பெண்களில் எத்தனை பேருக்கு நெற்றி ஓரம் மட்டும் மணல் தூவியதுபோல இருந்திருக்கும்! அதற்கு டியூப் தேவையில்லை. எண்ணெயை முடியின் நீளத்துக்கு மட்டும் வைத்து, நெற்றிக்கு வராமல் பார்த்துக்கொண்டால் பாதி போய்விடும். இதை அந்தக் காலத்தில் எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

1972-ல் கிளிக்மனும் மில்ஸும் அழகுப்பொருளாலேயே பரு வரும் என்று எழுதினார்கள். எந்தப் பொருள் துளையை அடைக்கிறது என்று முயலின் காதில் தடவிப் பார்த்தார்கள். இன்றைக்கு ஒவ்வொரு டப்பாவிலும் 'நான்-காமெடோஜெனிக்' என்று அச்சடித்திருக்கிறதே, அந்தச் சொல்லின் வேர் அந்த முயல் காது. முயல் காது மனித முகத்தைவிட எளிதில் அடைபடும் என்பதும், அடைக்கும் பொருள் ஒன்று கலந்திருப்பதாலேயே முழு கிரீமும் அடைக்கும் என்று சொல்லமுடியாது என்பதும் பின்னால் தெரியவந்தன. ஆகவே அந்த முத்திரை ஒரு நல்ல சகுனம், அம்புட்டுதான். உத்தரவாதம் இல்லை.

சரி, 1975-ன் கட்டுரை. டிரெட்டினாயின், ஹைட்ரோகுவினோன், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, மூன்றையும் ஒன்றாகக் கலந்து தினமும் தடவினால், கறுப்பின ஆண்களின் நோயில்லாத தோலில் ஐந்து முதல் ஏழு வாரங்களில் நிறம் முற்றிலும் போகிறது என்றது அது. மங்குவுக்கும் பரு போன இடத்துக் கறுப்புக்கும் நல்ல பலன் தருவதாகவும் சொன்னது. மருத்துவ உலகில் இதற்கு 'கிளிக்மன் கலவை' என்றே பெயர் நின்றுவிட்டது. பின்னால் அளவைக் குறைத்து, டெக்ஸாமெத்தசோனுக்குப் பதில் வேறு ஸ்டீராய்டு போட்டு, குறுகிய காலத்துக்கு மங்குவுக்கு எழுதிக்கொடுப்பது வழக்கமானது. இந்தியாவில் அது ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், மொமெட்டசோன் என்ற வடிவம் எடுத்தது. எங்கள் "ரெண்டுக்கும்" டியூப்பின் பெட்டியில் பொடி எழுத்தில் இருந்தவை இந்த மூன்று பெயர்கள்தான். கறுப்புத் தோலின் நிறத்தை எடுக்க முடியுமா என்று பார்த்த ஒரு கலவை, திருப்பரங்குன்றம் ரோட்டில் பதினாறு வயதுப் பிள்ளைகளின் பருவுக்கு விற்றுக்கொண்டிருந்தது.

மூன்று நாளில் தெரிந்தது எப்படி? மொமெட்டசோன் செய்த வேலை. ஸ்டீராய்டு தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். சிவப்பு அடங்கும், வீக்கம் வடியும், முகம் வெளுக்கும். ஒரு ஸ்டீராய்டு களிம்பு எவ்வளவு வீரியமானது என்பதை அளக்க 1962-ல் மெக்கன்ஸி, ஸ்டஃப்டன் என்ற இருவர் கண்டுபிடித்த சோதனையே, முன்கையில் தடவி எவ்வளவு வெளுக்கிறது என்று பார்ப்பதுதான். இந்த வெளுப்பைத்தான் நாங்கள் கண்ணாடியில் பார்த்து, பரு போயிருச்சு, கலரும் வந்துருச்சு என்று சந்தோஷப்பட்டோம்.

உள்ளே நடந்தது வேறு. ஸ்டீராய்டு அடைப்பைத் திறப்பதில்லை, வீக்கத்தை மட்டும் அமுக்குகிறது. தோல் மெலிந்துகொண்டே போகும். சில வாரங்களில் ஸ்டீராய்டே புதிதாகப் பருவை வரவழைக்கும், எல்லாம் ஒரே அளவில், ஒரே நாளில் முளைத்ததுபோல. டியூப்பை நிறுத்தினால் அமுக்கிய குழாய்கள் விரிந்து முகம் செக்கச் செவேலென்று எரியும். பயந்து மறுபடி தடவினால் அடங்கும். இதற்கு 'ஸ்டீராய்டு அடிமைத்தனம்' என்று பெயர் சொல்லி 1979-ல் எச்சரித்து எழுதியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அதே கிளிக்மன். கலவை மட்டும் கடல் தாண்டி வந்தது, எச்சரிக்கை எங்கோ கஸ்டம்ஸில் நின்றுவிட்டது.

என் அத்தை மகள், நான் மதினி என்று கூப்பிடுகிறவள், கல்யாணத்துக்கு முன் ஆறு மாதமும் பின் மூன்று வருடமும் அந்த டியூப்பில் வாழ்ந்தாள். வெயிலில் நின்றால் முகம் நெருப்பு. அடுப்படியில் நிற்க முடியவில்லை. கன்னத்தில் நூல் நூலாகச் சிவப்பு நரம்பு தெரிந்தது, மேலுதட்டிலும் தாடையிலும் பூனை முடி அடர்ந்தது. "டியூப்பை விட்டா மூஞ்சி எரியுது, விடலைன்னா முடி வருது. எந்தப் பக்கம்டி போறது?" என்று அவள் கேட்டதற்கு எங்கள் வீட்டில் யாருக்கும் பதில் தெரியவில்லை. கடைக்காரர் இன்னும் வீரியமான ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவரைக் குற்றம் சொல்லி என்ன? அவருக்கும் அது 'நல்லாப் போற சரக்கு'.

மதினி தனி ஆளில்லை. 2011-ல் இந்தியாவின் பன்னிரண்டு தோல் சிகிச்சை மையங்களில் நடந்த ஆய்வொன்று, முகத் தோல் பிரச்சினையோடு வந்த 2926 பேரைப் பார்த்தது. 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு தடவிக்கொண்டிருந்தார்கள். அதில் 126 பேர் சிவப்பழகு கிரீம்போலவோ பொதுக் கிரீம்போலவோ பயன்படுத்தினார்கள், 104 பேர் பருவுக்காக. அதாவது பாதிக்கு மேல் எங்கள் இழுப்பறைக் கணக்குத்தான். பத்தில் ஆறு பேருக்குச் சொல்லிக்கொடுத்தது மருத்துவரே அல்ல. 392 பேருக்குப் பக்கவிளைவு, அதில் முதலிடம் எதற்கு? பருவுக்கு. பருவுக்குப் போட்ட மருந்தால் வந்த பரு. இந்த முகத்துக்கு 'ஸ்டீராய்டால் கெட்ட முகம்' என்ற பொருளில் மருத்துவர்கள் தனிப் பெயரே வைத்துவிட்டார்கள்.

சீட்டு இல்லாமல் எப்படி விற்றார்கள் என்பதற்குப் பதில் சட்டத்துக்குள்ளேயே இருந்தது. மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டும் விற்கவேண்டிய மருந்துகளின் பட்டியலுக்கு ஷெட்யூல் ஹெச் என்று பெயர். அந்தப் பட்டியலின் அடிக்குறிப்பு, மேல்பூச்சுக்கான தயாரிப்புகளுக்கு விலக்குக் கொடுத்திருந்தது. தோலுக்கு மேலே தடவுவதுதானே, என்ன ஆகிவிடப் போகிறது என்ற நினைப்பு. தோல் மருத்துவர் சங்கம் வருடக்கணக்கில் போராடிய பிறகு, 2018 மார்ச்சில் 14 மேல்பூச்சு ஸ்டீராய்டுகள் அந்தப் பட்டியலுக்குள் கொண்டுவரப்பட்டன. பெட்டியில் சிவப்புக் கோடு வந்தது. விற்பனை நின்றதா? இழுப்பறை கொஞ்சம் ஆழமானது என்று சொல்லலாம்.

இந்த இடத்தில் "எல்லாம் சிவப்புத் தோல் மோகம்" என்று முடித்துவிட்டுப் போவது சுலபம். அது முழு உண்மை இல்லை என்று நினைக்கிறேன். வெள்ளைத் தோலில் பரு வந்து போனால் கொஞ்ச நாள் சிவப்பு இருக்கும், மறையும். நம் தோலில் பரு போன இடம் கறுத்துவிடும், மாதக்கணக்கில் நிற்கும். பரு ஒரு வாரம், அதன் நிழல் ஆறு மாதம். கண்ணாடி முன் நிற்கும் பெண்ணுக்குப் பருவும் கறுப்பும் உண்மையாகவே ஒரே தொல்லைதான். பெண் பார்க்க வருகிறவர்களுக்கோ எது பரு, எது தழும்பு, எது நிறம் என்ற பாகுபாடே கிடையாது, "பொண்ணுக்கு முகம் கொஞ்சம் தெளிவா இல்லை" என்பார்கள். 'தெளிவு' என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. கடைக்காரரின் "ரெண்டுக்கும்" வானத்திலிருந்து குதிக்கவில்லை. கேட்ட கேள்வியே அப்படி இருந்தது.

இப்போது காலம் மாறிவிட்டது என்கிறார்கள். 2020-ல் ஃபேர் அண்ட் லவ்லி, க்ளோ அண்ட் லவ்லி ஆனது. உங்கள் தலைமுறை கிரீமை விட்டு சீரத்துக்கு வந்துவிட்டது, சதவீதம் பார்த்து வாங்குகிறது. பரு உள்ளவர்களின் பட்டியலில் முதலில் இருப்பது நியாசினமைடு. அது ஃபேர் அண்ட் லவ்லியின் பழைய சரக்கு, நிறமிக்காகவே அந்த கிரீமில் சேர்க்கப்பட்டது என்பதைச் சொன்னால் என் கல்லூரித் தோழிகளே நம்பவில்லை. கெட்ட சரக்கு என்று சொல்லவரவில்லை. 1995-ல் ஒரு ஆய்வில் நியாசினமைடு 4 சதவீத ஜெல், கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஜெல்லுக்கு இணையாகப் பருவில் வேலை செய்தது. சாதுவான பொருள். ஆனால் விளம்பரத்தில் பருவும் நிறமும் இன்னும் ஒரே பாட்டிலில்தான் இருக்கின்றன, 'க்ளோ' என்று பெயர் மட்டும் மாறியிருக்கிறது.

எனக்குத் தெரிந்தவர்கள் கேட்டால் நான் பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன். அடைப்புக்கு அடாபலீன், அல்லது லேசான பருவென்றால் சாலிசிலிக் அமிலம். பழுக்கும் பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு, 2.5 சதவீதமே போதும், அதிகம் போட்டால் எரிச்சல்தான் அதிகம், துண்டும் தலையணை உறையும் வெளுத்துப் போகும். முகம் கழுவக் காரமில்லாத மென்மையான ஏதாவது, நாளுக்கு இரண்டு தடவை. பிசுபிசுக்காத மாய்ஸ்சரைசர், ஏனென்றால் மேற்சொன்னவை எல்லாம் வறட்டும். பரு விட்ட கறுப்புக்கு எந்தக் கிரீமைவிடவும் முதலில் சன்ஸ்கிரீன், மதுரையில் அதை விட்டால் மற்ற எதுவும் வீண். மதுரையில் அதைப் பூசிக்கொண்டு பஸ்ஸில் போவது கொடுமை என்பதும் உண்மை, ஜெல் வகை பார்த்து வாங்கவேண்டும். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம். ஆழமான, வலிக்கிற, தழும்பு விடுகிற பருவென்றால் கடையில் நேரத்தை வீணாக்காமல் தோல் டாக்டர். கர்ப்பமாக இருந்தாலோ அதற்குத் திட்டமிட்டாலோ வைட்டமின் ஏ வகை எதையும் அவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

எட்டு வாரம் என்றதும் முகம் சுளிக்கிறார்கள். மூன்று நாள் டியூப்போடு எட்டு வாரம் எப்படிப் போட்டி போடும்?

போட்டியில் இன்னொரு ஆளும் உண்டு. 2023-ல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் கோட்டக்கல் மருத்துவமனை ஒன்றின் சிறுநீரக மருத்துவர்கள், அரிதான ஒரு சிறுநீரக நோய் அடுத்தடுத்து வருவதைக் கவனித்தார்கள். விசாரித்தால் பெரும்பாலோர் ஒரே மாதிரி சிவப்பழகு கிரீம்கள் பூசியவர்கள், கிரீம்களில் பாதரசம். பாதரசம் நிறமியை மட்டுப்படுத்தும், தோல் வழியே உள்ளே இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2020-ன் அழகுப்பொருள் விதிகள் இப்படிப்பட்ட கிரீம்களில் பாதரசத்தைச் சேர்க்கவே கூடாது என்கின்றன. பாதரசம் என்றதும் மதுரைக்காரர்களுக்குக் கொடைக்கானல் நினைவுக்கு வராமல் இருக்காது. 2001-ல் மூடப்பட்ட அந்தத் தெர்மாமீட்டர் ஆலையை முதலில் அங்கே கொண்டுவந்தது, ஸ்னோவும் பவுடரும் விற்ற பாண்ட்ஸ் நிறுவனம். இரண்டுக்கும் நேர்த் தொடர்பு ஒன்றுமில்லை, மலைமேல் அந்தப் பெயரைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது, அம்புட்டுதான்.

மதினிக்கு டியூப்பிலிருந்து வெளியே வர ஒன்பது மாதம் ஆனது. தோல் டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக வீரியம் குறைத்து நிறுத்தினார். முதல் ஆறு வாரம் அவள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. நரம்புச் சிவப்பு முழுதாகப் போகவில்லை, இன்னும் வெயிலுக்குக் குடை பிடிக்கிறாள்.

அவள் மகளுக்கு இப்போது பதினைந்து வயது, நெற்றியிலும் மூக்கு ஓரத்திலும் பரு. பிள்ளை போனில் பார்த்து ஏதாவது வரவழைத்தால், மதினி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டியின் பின்பக்கப் பொடி எழுத்தை ஒவ்வொன்றாகப் படிக்கிறாள். "சோன்னு முடியுதா பாருடி" என்பது அவளுடைய முதல் சோதனை. சோன் என்று முடியாததும் உண்டு என்பதால் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், டெக்ஸாமெத்தசோன், க்ளோபெட்டசால், ஃப்ளூசினோலோன். அதற்கடியில், மகளின் கையெழுத்தில், பாதரசம்.